சாப்பாட்டு வரிசையும் பூங்கோதையும்

பல்கலைக்கழகத்தில் செயல்பாட்டு மேலாண்மைப் பாடம் நடத்திய பேராசிரியர் நீலமேகத்துக்குத் தன் மூளைமேல் அபாரப் பெருமை. உணவுக்கூட வரிசை வாசலைத் தாண்டி நீள்வதைப் பார்த்து, பெரிய விலையில் சோறு பரிமாறும் இயந்திரம் ஒன்றை வாங்கச் சொல்லியிருந்தார்.

"இயந்திரம் எதுக்கு சார்?" என்று வகுப்பில் கடைசி பெஞ்சுப் பூங்கோதை கேட்டுவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "அப்படியா? காசு செலவழிக்காம, ஆளும் கூட்டாம, நாளைக்கு மத்தியானம் வரிசையைப் பாதியாக்கிக் காட்டு. இல்லேன்னா இந்தப் பாடத்துல நீ ஃபெயில்!"

வகுப்பே சிரித்தது. மாலையில் காலியான உணவுக்கூடத்தை நாலுமுறை சுற்றிவந்த பிறகுதான் பூங்கோதையின் முகம் தெளிந்தது.

மறுநாள் அவள் தோற்பதைக் காட்டத் துணைவேந்தரையே கூட்டிவந்தார் நீலமேகம். வாசலில் ஒருவரும் இல்லை. சுவரோடு ஒட்டிக் கிடந்த, சாப்பாட்டுப் பாத்திரங்கள் வைக்கும் மேசை இப்போது கூடத்தின் நடுவில் நின்றது. மாணவர்கள் அதன் இரண்டு பக்கமும் சோறு குழம்பை எடுத்துப் போட்டுக்கொண்டு மளமளவென்று நகர்ந்தார்கள்.

"மேசையைத் தொட யார் சொன்னது?" என்று கத்தினார் நீலமேகம்.

"காசையும் ஆளையும்தான் தொடக்கூடாதுன்னீங்க சார். மேசையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே!"

துணைவேந்தர் வாய்விட்டுச் சிரித்தார். "இயந்திரம் வேண்டாம் நீலமேகம். பொண்ணுக்கு எவ்வளவு மார்க்?"

"நூத்துக்கு நூறு" என்று முணுமுணுத்தார் அவர்.

"சத்தமா சொல்லுங்க சார்!" என்றது மொத்தக் கூடமும்.