பிணையாகப் போன பிள்ளை

நம் பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்திய காலம் அது. ஆறு ஒன்று, கரை இரண்டு, கரைக்கொரு ராசா. சண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

படை திரட்ட இருவருக்கும் அவகாசம் தேவைப்பட்டது. அதனால், "மூன்று மழைக்காலம் ஆற்றைத் தாண்ட மாட்டோம்" என்று சத்தியம் செய்துகொண்டார்கள். அந்நாளில் வெறும் சத்தியம் செல்லாது. பெற்ற பிள்ளையை எதிரி வீட்டில் பிணையாக விட வேண்டும். எவன் வாக்குத் தவறுகிறானோ, அவன் பிள்ளையின் தலை போகும்.

வடகரை ராசா லேசுப்பட்டவனா? தன் மகனை ஒளித்துவிட்டு, அரண்மனைச் செவிலி எயினியின் மகன் கொற்றனுக்குப் பட்டு உடுத்தி அனுப்பிவிட்டான். "வாயைத் திறந்தால் உன் பிள்ளை பிழைக்க மாட்டான்" என்று அவளை மிரட்டியும் வைத்தான்.

அக்கரை ராசாவின் மகன் என்று பிணையாக வந்த சேந்தனை வளர்க்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. அவனுக்குச் சோறு ஊட்டுவாள். கொற்றன் சாப்பிட்டானோ என்று நினைப்பாள். தலை வாரிவிடுவாள், கொற்றனுக்கு யார் வாருகிறார்களோ என்று நினைப்பாள். தூங்கவைப்பாள், அப்புறம் அழுவாள். பாவம், பெற்ற வயிறு அல்லவா?

இரண்டாம் மழைக்காலம் முடியுமுன்னே வடகரையில் போர்முரசு கொட்டியது. எயினிக்கு உயிரே போய்விட்டது. படை ஆற்றில் கால் வைத்தால் கொற்றன் இல்லை!

தென்கரையிலிருந்தும் போர்முரசு கேட்டது. சேந்தன் அவளைக் கட்டிக்கொண்டு நடுங்கினான்.

"என்னைக் கொன்றுவிடுவார்களா? நான் ராசா மகன் இல்லை. என் அம்மா அங்கே குதிரைக்குப் புல் அறுக்கிறாள். வெளியே சொன்னால் அவளைக் கொன்றுவிடுவார்களாம்."

"அட பாவிகளா! அக்கரை ராசாவுமா?" என்றாள் எயினி.

அதற்குமேல் அவள் எதற்கும் பயப்படவில்லை. சேந்தனைக் கையில் பிடித்துக்கொண்டு, படையை விலக்கி, ஆற்றில் இறங்கினாள். அக்கரையில் கொற்றனைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள்.

"புல் அறுக்கிற தாயே! உன் பிள்ளை இதோ! அங்கே நிற்பவன் என் பிள்ளை! இரண்டு ராசாவும் நம் பிள்ளைகளைத்தான் பிணை வைத்திருக்கிறார்கள்!"

கூட்டத்திலிருந்து ஒருத்தி பாய்ந்து வந்தாள். கொற்றனை வாரி எடுத்துக்கொண்டு ஆற்றில் ஓடினாள். நடு ஆற்றில் பிள்ளைகள் கைமாறினார்கள். எயினி கொற்றனை மார்போடு அணைத்தாள். ஆனாலும் சேந்தன் போகப் போக, அவனுக்காகவும் ஏங்கி அழுதாள்.

"ம், நடங்கள்!" என்று இரண்டு ராசாவும் கத்தினார்கள். இரு படையிலும் ஒருவனும் அசையவில்லை.

வடகரை வீரன் ஒருவன் ஈட்டியைக் கீழே போட்டான். "ராசா, உங்கள் மகனைக் கூட்டி வந்து முன்னால் நிறுத்துங்கள். பிறகு நாங்கள் தாண்டுகிறோம்."

ராசா தன் மகனைக் கூட்டி வரவில்லை; படையும் ஆற்றைத் தாண்டவில்லை.

ஆகவே கேட்டவர்களே, ஊரார் பிள்ளையை ஈடு வைத்துச் சத்தியம் செய்கிறவனை ஒருபோதும் நம்பாதீர்கள்.