குப்புராஜ் அடக்கிய ஆட்டங்கள்

கணபதி என்ற ஊரில் இருந்த தமயந்தியின் பட்டறையில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லேத் ஒன்று நாலு நாளாக நடுங்கிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்றைத் தொட்டால் போதும், பேய் பிடித்த மாதிரி உதறும். கடைகிற தண்டில் அலை அலையாகக் கோடு விழும். தண்டுகளுக்கு ஆர்டர் கொடுத்த பம்ப் கம்பெனி ஒருமுறை எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது. இன்று சாயங்காலமும் சரியில்லை என்றால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல்தான் மோட்டார் மெக்கானிக் குப்புராஜைக் கூப்பிட்டாள்.

அவர் டீயை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் ஒரு ஆட்டமா அம்மணி? சிங்காநல்லூர்ல ஒரு லேத்து ஆடுன ஆட்டத்துல கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கே நடந்து போயிருச்சு. நான் ஓடிப்போய்ப் புடிக்கறதுக்குள்ள கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழிச்சுட்டாரு."

அந்த லேத்தில் கடையும் டர்னர் ஆறுச்சாமி எந்த பஸ் என்று கேட்டார். குப்புராஜ் யோசிக்காமல் ஒரு நம்பரைச் சொன்னார். அந்த பஸ் அந்தப் பக்கமே போகாது என்றார் ஆறுச்சாமி. அன்றைக்கு மட்டும் போனதாம். லேத்து உள்ளே நின்று ஆட்டியதில் ஸ்டியரிங் தானாகத் திரும்பிவிட்டதாம்.

தமயந்திக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மனிதர் எழுந்திருக்கும் வழியைக் காணோம். அவளே ஸ்பேனரை எடுத்து மோட்டாரின் கால் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்தாள். நாலும் இறுக்கமாகத்தான் இருந்தன.

அதற்குள் கதை சூலூருக்குப் போயிருந்தது. அங்கே ஒரு மெஷின் ஆடியதில் பக்கத்துத் தொழுவத்து எருமைகளுக்கு மடியிலேயே பால் கடைபட்டு வெண்ணெயாகிவிட்டதாம். பால்காரர் சொம்பை வைத்துவிட்டுக் கரண்டியோடு போனாராம். குப்புராஜ் மெஷினைச் சரிபண்ணியதும் எருமைக்காரம்மா வந்து, பழையபடி ஆடவிடச் சொல்லிச் சண்டை பிடித்தாளாம்.

தமயந்தி பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினாள். எல்லா வேகத்திலும் சாதுவாக ஓடியது. திரும்ப மாட்டி ஓட்டினாள். எண்ணூறில் உதறல்; கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் அமைதி. அப்படியென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, அந்த ஒரே வேகத்தில் மொத்த மெஷினும் சேர்ந்து அதிர்கிறது. வேகத்தை ஆளும் டிரைவ் பெட்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினாள்.

"அதை விடுங்க. பீளமேட்டுல ஒரு மெஷின் ஆடி பூமியே ஆட ஆரம்பிச்சுருச்சு. தீப்பெட்டி அட்டையை மடிச்சு அடியில சொருகுனேன். ஆட்டம் நின்னுச்சு. பூமி சுத்தறதும் கூடவே நின்னுபோச்சு. அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி மட்டும் நாலு மணி நேரம் இருந்துச்சுங்க. அப்புறம் நானே பாவம் பாத்து அட்டையை லேசா உருவி விட்டேன்."

எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று ஆறுச்சாமி கேட்டார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பீர்கள் என்றார் குப்புராஜ்.

தமயந்தி பெட்டியில் நாலைந்து பட்டனை அழுத்தி மெஷினை ஓட்டினாள். வேகம் ஏறியது, எண்ணூறு பக்கம் நிற்காமல் ஒரே தாவலாகத் தாண்டியது. உதறல் இல்லை. ஆறுச்சாமி ஒரு தண்டைக் கடைந்து கட்டைவிரலால் தடவினார். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"பாத்தீங்களா, நான் வந்து உட்கார்ந்ததுமே பயந்துருச்சு," என்றார் குப்புராஜ்.

"ஆட்டம் வர்ற வேகத்தை மட்டும் தாண்டிப் போகச் சொல்லி வச்சுட்டேனுங்ணா," என்றாள் தமயந்தி. "அதே மாதிரி உங்க கதையில புளுகு வர்ற இடத்தையெல்லாம் தாண்டிப் பாத்தேன். டீ குடிச்சது மட்டும்தானுங்க மிஞ்சுது."