கரடி அணைத்த நெருப்பு

காட்டோர வெட்டவெளியில் ஒரு கரடி, குளிர்காயத் தீக்குழி வெட்டியது. ஏனோதானோவென்று வெட்டவில்லை. தலைக்கு மேல் கிளை இல்லாத இடமாகப் பார்த்தது. சுற்றிலும் பத்தடிக்குச் சருகைக் கூட்டித் தள்ளியது. ஓடைக் கல் ஈரம் குடித்திருக்கும், சூட்டில் வெடிக்கும் என்று, மலையிலிருந்து காய்ந்த கற்களை உருட்டி வந்து வட்டம் கட்டியது. ஓர் இறகைப் பறக்கவிட்டுக் காற்றின் திசையும் பார்த்தது.

குழியின் பக்கவாட்டில் ஒரு பட்ட வேர் துருத்திக்கொண்டிருந்தது. என்றோ சாய்ந்துபோன வாகை மரத்தின் வேர்.

"இது இருந்துட்டுப் போகட்டும்!" என்றது கரடி.

அந்த வேரை ஒட்டித்தான் மூஞ்சூறு ஒன்று நான்கு குட்டிகளோடு வளையில் குடியிருந்தது.

மாலை முழுவதும் விலங்குகள் குளிர்காய்ந்தன. கடைசியில் கரடி மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, கை வைத்துப் பார்த்து, "அணைஞ்சாச்சு!" என்று அறிவித்தது. எல்லாம் கலைந்து போயின.

விடிந்தபோது மூஞ்சூறுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் மூலைக்குமாக ஓடியது. தரையை முகர்ந்தது. மறுபடி ஓடியது.

"ஏன் இப்படி அலையுறே?" என்றது மூலையில் ஒண்டியிருந்த தேரை.

"தரை சுடுது!"

"சுடலே, இதமா இருக்கு. மார்கழியிலே கதகதப்பு கிடைச்சா பேசாம படுக்கணும்!"

"மார்கழியிலே மண்ணு எப்படிச் சூடாகும்? அதைச் சொல்லு முதல்லே!"

தேரை கண்ணை மூடிக்கொண்டது. மூஞ்சூறு மேலே, குழியருகே இருந்த கரடியிடம் ஓடியது.

"கரடியண்ணே! நெருப்பு அணையலே!"

"வா எலியம்மா. இதோ பாரு!" கரடி சாம்பலுக்குள் கையை விட்டுக் காட்டியது. "ஐஸ் மாதிரி இருக்கு!"

"நான் எலி இல்லே, மூஞ்சூறு!" (அது சொன்னது சரிதான், மூஞ்சூறு எலி இனமே அல்ல.) "குழியிலே ஏன் தொட்டுப் பாக்குறீங்க? என் வீட்டுலே தொட்டுப் பாருங்க!"

"உன் வீட்டுக்குள்ளே என் விரல்கூட நுழையாது. நான் கட்டின குழியிலே குறையா? போ, போ!"

மூஞ்சூறு திரும்பி வந்தபோது வளைச் சுவரில் புகை கசிந்தது. "வாலைப் பிடிங்க!" என்று கத்தியது. முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்வ, அடுத்தது அதனுடையதைக் கவ்வ, நான்கும் வரிசையாக வெளியே வந்தன.

ஆனால் எங்கே போவது? சற்றுத் தள்ளியும் மண்ணிலிருந்து புகை கிளம்பியது. அதற்கப்பால் காய்ந்த புல்மேடு. வேர் அங்கே போய்த்தான் முடிகிறது. அங்கே தீ தலைதூக்கினால் குட்டிகள் மட்டுமல்ல, காடே மிஞ்சாது. மூஞ்சூறு குட்டிகளை இழுத்துக்கொண்டு கரடியின் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

"புகை தெரியலையா, அண்ணே?"

"அது பனி! உனக்கு நம்பிக்கையில்லேன்னா இதோ, உன் வாசல்லேயே உட்கார்றேன்!"

கரடி தொப்பென்று உட்கார்ந்தது. தரை உள்வாங்கியது.

"ஐயய்யோ!"

கரடி அவ்வளவு உயரம் குதிக்கும் என்று அன்றுதான் காட்டுக்குத் தெரிந்தது. கீழே அந்தப் பட்ட வேர் செக்கச் சிவந்து கனன்றுகொண்டிருந்தது.

பின்புறம் எரிய எரிய, கரடி முதலில் புல்மேட்டுப் பக்கம் ஓடி வேரைக் குறுக்கே வெட்டியது. குழிவரை மண்ணைத் தோண்டித் திறந்தது. ஓடைக்கும் குழிக்கும் நடையாய் நடந்து, சீறல் அடங்கும்வரை தண்ணீர் ஊற்றியது.

அந்தச் சேற்றிலிருந்து தேரை எழுந்து வந்தது.

"எவன் தண்ணி ஊத்தினது? இப்பதான் கண் அசந்தேன்!"

கரடி ஈரக்கையோடு மூஞ்சூறின் முன் குனிந்தது. "அம்மா, இப்ப அணைஞ்சதா?"

மூஞ்சூறு வேர் கிடந்த பள்ளம் நெடுக மூக்கை வைத்து நடந்தது. இருமுறை திரும்பி வந்தது. பிறகுதான் தலையை ஆட்டியது.

நெருப்பு அணைந்ததா என்று மூட்டியவரைக் கேட்டால் போதாது, அதன் அடியில் குடியிருப்பவரைக் கேட்க வேண்டும்.