மூன்றாவது பேஸில் பார்த்தது

பேஸ்பால் அம்பயராகப் பழக வந்த முதல் நாள், நாச்சிமுத்து கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு வந்தார்.

கோகிலவாணி அதைக் கழற்றச் சொல்லி வாங்கித் தன் பைக்குள் போட்டாள். இந்த ஆட்டத்தில் விசிலுக்கு வேலை இல்லை என்றாள். அவர் முகம் வாடிவிட்டது. போக்குவரத்துப் போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தன் விசிலுக்கு நிற்காத வண்டி திருச்செங்கோட்டில் கிடையாது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவளுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர், ஆட்ட நாட்களில் அம்பயர். பேஸ்பால் சட்டத்தில் சந்தேகம் வந்தால் அந்த வட்டாரத்தில் எல்லாரும் அவளிடம்தான் போவார்கள். நாச்சிமுத்துவும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவளுக்குப் பின்னால் ஒரு தப்படி விட்டுத்தான் நடப்பார்.

இந்த மனிதரைப் போய் ஏன் சேர்த்துக்கொண்டாய் என்று அவளைக் கேட்காதவர் இல்லை. அவருடைய கண்ணுக்காகத்தான் சேர்த்தாள். ஓடுகிறவனின் குதிகால் பேஸ் என்கிற சதுர மெத்தையில் பட்டதா, பக்கத்து மண்ணில் பட்டதா என்று எட்ட நின்றே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை வாங்கினால் கூடவே அந்த வாயும் வந்து சேர்ந்துவிடும் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அது லேசுப்பட்ட வாய் இல்லை. பால்காரர் வண்டி நிறுத்திய இடம் தப்பு, பந்தியில் பாயசம் ஊற்றிய நேரம் தப்பு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பை வைத்த விதம் தப்பு. கண்ணில் பட்டால் சொல்லியாக வேண்டும். அவரோடு ஒருமுறை டீ குடிக்கப் போனவர்கள் மறுமுறை அவரைத் தூரத்தில் பார்த்ததும் வேறு தெருவில் திரும்பினார்கள்.

லீக் ஆட்டத்தில் அந்த வாய் வினையை இழுத்துக்கொண்டு வந்தது.

பேஸ்பாலில் ஓடுகிறவன் மூன்று பேஸையும் வரிசையாக மிதித்துவிட்டு, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்கே வந்து சேர வேண்டும். வழியில் ஒன்றை மிதிக்காமல் தாண்டினால் தப்பு. ஆனால் அதை அம்பயர் சொல்லக் கூடாது. எதிர் அணிக்காரர்களே கவனித்து, பந்தை அந்த பேஸுக்குக் கொண்டுபோய், இவன் மிதிக்கவில்லை என்று அப்பீல் கேட்க வேண்டும். கேட்டால்தான் அவுட். யாரும் கேட்காவிட்டால் அவன் எடுத்த ரன் ரன்தான். இந்தச் சட்டத்தைக் கோகிலவாணி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

லோகேஸ்வரன் என்று ஒரு கல்லூரி மாணவன். நல்ல ஓட்டக்காரன், அவசரக்காரனும்கூட. இரண்டாவது பேஸை ஒட்டி மண்ணில் மிதித்துத் தாண்டிப் போனான். நாச்சிமுத்து கையை நீட்டி, லாரியை மறிப்பதுபோல அவன் முன்னால் போய் நின்றுவிட்டார்.

“நில்றா. பேஸை மிதிக்கல. அவுட்.”

மைதானமே திகைத்து நின்றது. கோகிலவாணி பிளேட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து, யாரும் கேட்கவில்லை, அதனால் அவுட் இல்லை என்றாள். எதிர் அணித் தலைவன் என்ன மடையனா? உடனே பந்தை வாங்கி இரண்டாவது பேஸை மிதித்து அப்பீல் கேட்டான். இப்போது அவளால் மறுக்க முடியவில்லை. லோகேஸ்வரன் தான் மிதித்ததாகப் பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தான். நாச்சிமுத்து மண்ணில் இருந்த ஷூ தடத்தைக் காட்டினார். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அவனுடைய அணி தோற்றது. அவர்களுடைய கோச் கத்தவில்லை, கோகிலவாணியிடம் வந்து அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

“எதிர்ல ஒம்பது பேர் ஆடறாங்கன்னு நெனச்சோமுங்க. பத்துப் பேருங்க.”

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே பேஸ்பால் சங்கத்தின் செயலாளர் போனில் பிடித்துக்கொண்டார். இனி அந்த ஆள் மைதானத்துப் பக்கமே வரக் கூடாது என்றார். இறுதி ஆட்டத்தில் அவர் நிற்கட்டும், மறுபடி வாயைத் திறந்தால் அவரோடு நானும் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு, இப்படி வாக்குக் கொடுத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். அம்பயர் வேலைதான் அவளுக்கு உயிர்.

சாயங்காலம் நாச்சிமுத்து வந்தார். மன்னிப்புக் கேட்க வரவில்லை, நியாயம் கேட்க வந்தார்.

“நான் சொன்னது பொய்யுங்களா டீச்சர்?”

“இல்லீங்க.”

“அவன் மிதிச்சானுங்களா?”

“மிதிக்கலீங்க.”

“அப்பறம் எப்படீங்க? தப்பைக் கண்ணால பாத்துட்டு ஒரு மனுசன் எப்படீங்க சும்மா இருக்கறது?”

கோகிலவாணி டீ குடிக்கலாம் வாங்க என்று கூட்டிப்போனாள்.

அது ஒருவழிப் பாதையின் முனையில் இருந்த கடை. தான் எழுந்திருக்கும் வரை அவராகப் போய் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்று அவள் நிபந்தனை போட்டாள். அவர் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அதைவிடப் பெரிய தண்டனையை எந்த அதிகாரியும் கொடுத்ததில்லை. ஸ்கூட்டர்கள் எதிர்த்திசையில் வந்தன. ஒருவன் ஹெல்மெட்டைக் கண்ணாடிக்கம்பியில் மாட்டிக்கொண்டு போனான். ஒரு பைக்கில் ஒரு குடும்பமே போனது. டீ ஆறி ஏடு படர்ந்தது, அவர் தம்ளரை விடவில்லை.

“டீச்சர், அங்க பாருங்க.”

“அந்தாளு உங்களைக் கேட்டாருங்களா?”

“இல்லீங்க.”

“டீயைக் குடிங்க.”

கடைசியில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று வந்து ஓரமாக நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, இதில் ஈரோட்டுக்குப் போகலாமா என்று நாச்சிமுத்துவைக் கேட்டான். அவர் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். துள்ளி எழுந்து போய், இது ஒருவழி, பின்னால் எடு, அடுத்த முக்கில் திரும்பு, வேகத்தடை இருக்கிறது என்று ஆசைதீரச் சொன்னார். டிரைவர் முழுதும் கேட்டுக்கொண்டு, ரொம்ப நன்றிங்க என்று லாரியைப் பின்னால் எடுத்தான்.

கோகிலவாணி தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

தன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் கேட்டதற்கு இன்னும் சொல்லவில்லையே என்று வழியெல்லாம் நச்சரித்துக்கொண்டே வந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

இறுதி ஆட்டத்துக்கும் லோகேஸ்வரனின் அணி வந்திருந்தது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமம். ஒரு ரன் எடுத்தால் அவர்களுக்குக் கோப்பை. லோகேஸ்வரன் முதல் பேஸில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து வேலி வரைக்கும் போயிற்று. அவன் பறந்தான். இரண்டாவது பேஸை நடுவில் மிதித்தான். மூன்றாவது பேஸை ஒரு சாண் தள்ளி, மண்ணில் மிதித்துத் தாண்டினான். ஹோம் பிளேட்டில் விழுந்து எழுந்தான். அவனுடைய ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டார்கள்.

நாச்சிமுத்து எல்லாவற்றையும் பார்த்தார்.

எதிர் அணிக்காரர்களுக்குச் சந்தேகம் இருந்தது. லீக் ஆட்டத்துக் கதை அவர்களுக்கும் தெரியும். தலைவன் பந்தோடு இரண்டாவது பேஸுக்கு வந்து மிதித்தான்.

“இந்த பேஸை அவன் மிதிக்கலீங்க சார். அப்பீல்.”

நாச்சிமுத்து இரண்டு கைகளையும் விரித்து சேஃப், அவுட் இல்லை என்று காட்டினார். அது உண்மை. கேட்டது இரண்டாவது பேஸை.

தலைவன் அங்கேயே நின்றான். பந்து இன்னும் அவன் கையில்தான் இருந்தது. மூன்றாவது பேஸ் பக்கம் திரும்பி, அங்கே நின்றவனை என்ன என்பதுபோல் பார்த்தான். அவன் உதட்டைப் பிதுக்கினான். லோகேஸ்வரன் ஓடிய நேரத்தில் அவனும் வேலிப் பக்கம் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர் அணிக்காரர்கள் எல்லாரும் மைதானத்தை விட்டு வெளியேறும் வரை கேட்கலாம் என்பது சட்டம். வெளியேறிவிட்டால் போச்சு. கேளேன்டா, கேட்டுத் தொலையேன் என்று நாச்சிமுத்து மனதுக்குள் கெஞ்சினார். தலைவன் பந்தைக் கீழே போட்டான். ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். பந்து எறிகிற பிட்சர் மட்டும் தொப்பியைத் தேடிக்கொண்டு நின்றான். கோகிலவாணி முகக்கவசத்தைக் கழற்றாமல் பிளேட்டுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பிட்சர் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு அவனும் கோட்டைத் தாண்டினான்.

ஆட்டம் முடிந்தது.

பரிசு கொடுத்து முடிந்ததும் பைக் நிறுத்தும் இடத்தில் கோகிலவாணி உட்கார்ந்து முழங்கால் கவசங்களைக் கழற்றினாள். நாச்சிமுத்து எதிரே வந்து நின்றார். பேச்சு பொத்துக்கொண்டு வந்தது.

“மூணாவது பேஸை அவன் மிதிக்கல டீச்சர். நீங்க பாத்தீங்களா?”

“நான் பிளேட்டுல நின்னு பந்து வர்றதைப் பாத்துட்டிருந்தனுங்க.”

“அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியும். தோத்த பசங்க அழுதுட்டுப் போறாங்க. என் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு நிக்கறேன். நான் பாத்ததை நான் என்னங்க செய்யறது?”

“வெச்சிருங்க.”

“எத்தன நாளைக்குங்க?”

“யாராச்சும் கேக்கற வரைக்கும்.”

“மேட்ச்சே முடிஞ்சு போச்சு. இனி எவன் வந்து கேப்பான்?”

அவருக்குக் கோபத்தில் குரல் உடைந்தது. இந்தப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் உருப்படியான பதில் வராது என்று அன்றைக்கு நிச்சயமாக நம்பினார். அவளும் அலுத்துப்போய்க் கவசத்தின் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வண்டிகளுக்கு இடையில் லோகேஸ்வரன் வந்தான். கூட யாரும் இல்லை. அந்தப் பக்கம் அவன் பெயரைச் சொல்லி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் போட்ட மெடலைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான். நாச்சிமுத்துவுக்கு முன்னால் வந்து நின்று, தன் ஷூவைப் பார்த்தபடியே கேட்டான்.

“சார், மூணாவது பேஸு. நீங்க பாத்தீங்களா?”

அவர் திரும்பிக் கோகிலவாணியைப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

“உங்களைத்தான் கேக்கறான், சொல்லுங்க சார்.”

நாச்சிமுத்துவுக்கு வாய் எழவில்லை.