கையெழுத்துப் போட்ட சந்தன நிறம்

சாம்பாரில் உப்புக் கூடினாலும் அதில் ஏதோ சதி இருக்கிறது என்று நினைப்பவர் வன்னியபெருமாள். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் அவர் வீட்டு முன்னறைக்கு வண்ணம் பூச வேண்டியிருந்தது. மருமகள் சுகந்தி வெளிர்நீலம் கேட்டாள். அவர் சந்தனம்தான் என்றார். பெயின்டர் இருதயராஜ் இரண்டையும் கதவுக்குப் பின்னால் அருகருகே தடவிக் காட்டினார். சாட்சிகளிடம் மகஜரில் கையெழுத்து வாங்கியே பழகிய ஏட்டின் கை சும்மா இருக்குமா? வன்னியபெருமாள் சந்தனத் திட்டின் மேல் பென்சிலால் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

"இந்த ரெண்டையும் அழிக்கக் கூடாது. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது பாரு."

மறுநாள் மதுரைக்குப் போய் வலக்கண்ணில் புரை எடுத்துக்கொண்டார். இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் என்றார்கள். திரும்பி வந்தபோது அறை பூசி முடிந்திருந்தது. ஆனால் சந்தனத்தைக் காணோம், சுவர் வெளுத்துக் கிடந்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தார். கையெழுத்து அவருடையதுதான். அந்தத் திட்டும் சுவரைப் போலவே வெளுத்திருந்தது. பக்கத்து நீலம் மட்டும் முன்பைவிடப் பளிச்சென்று சிரித்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்து நீலத்தைக் கலந்துட்டீங்களா?"

"பிள்ளைங்க மேல சத்தியமா, நீங்க சொன்ன டப்பாதான் ஏட்டையா" என்றார் இருதயராஜ்.

அவர் நம்பவில்லை. அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. பால் நீலம் பாரித்திருந்தது, தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வேட்டியில் சொட்டு நீலம் அதிகம், வேண்டுமென்றே போட்டிருக்கிறாள். ராணுவத்தில் இருந்த மகனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

சுகந்தி காதில் அது விழுந்தது. பையைக் கட்டினாள்.

"பத்து வருசமா ஊத்துற பால்தான் மாமா. சந்தேகப்படுற வீட்டுல என்னால இருக்க முடியாது. அம்மா வீட்டுக்குப் போறேன்."

அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் விறைப்பாக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கிளம்புமுன் அவள் மத்தியான வேளைச் சொட்டு மருந்தை அவர் வலக்கண்ணில் விட்டு, "இந்தக் கண்ணை மூடிக்கிட்டே இருங்க" என்றாள். அப்படியே சுவரைப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"சந்தனம்!"

வாசகரே, நிறத்தை மாற்றியது சுகந்தியா, இருதயராஜா, வேறு யாராவதா?

விடை: யாரும் மாற்றவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு எல்லாமே மஞ்சள் பூத்துத் தெரியும். டப்பாவில் இருந்தது வெளிர் சந்தனம்; புரை எடுத்த வலக்கண் அந்த உள்ள நிறத்தைக் காட்டியது, பாலும் வேட்டியும் நீலமாகத் தெரிந்ததும் அதனால்தான். அதை மூடியதும் இடக்கண் பழைய சந்தனத்தைக் காட்டிவிட்டது. ஏட்டையா அவள் பையைத் தாமே தூக்கிப் போய் உள்ளே வைத்தார். பிறகு இருதயராஜைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசம் இந்தக் கண்ணுலயும் சந்தனம் போயிரும். சுகந்தி கேட்ட நீலத்தையே அடிச்சிடுப்பா."