கைதட்டாத விருது

செர்பியாவில், தன்யூப் நதிக்கரை ஊர் ஒன்றில் ஒரு நாடக அரங்கம். மேடையிலேயே உயிரை விட்ட மகாநடிகர் வுகாஷினின் பெயரால் வருஷத்துக்கு ஒரு நடிகருக்கு அங்கே விருது கொடுப்பார்கள். கொடுக்கும்போது யாரும் கைதட்டக் கூடாது. எழுந்து நிற்பார்கள், அவ்வளவுதான். செத்தவருக்கு மரியாதை என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் விருது ரதோஸ்லாவுக்கு. வேறெங்கோ ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர், ஐம்பது தாண்டிய பிறகு யாஸ்னாவிடம் நடிப்புக் கற்க வந்தார். குரு அவரைவிட இருபது வயது சின்னவள். விருதுக் குழுவின் தலைவியும் அவள்தான்.

விழா அன்று மத்தியானம், ஆளில்லாத அரங்கத்துக்குள் வந்து அவள் முன்னால் நின்றார்.

"டீச்சர், இந்த ஒரு தடவை மட்டும் கைதட்டச் சொல்லுங்கள்."

"பெரியவருக்குப் புகழாசை வந்துவிட்டதோ?"

"எனக்கில்லை. அம்மா வருகிறாள். கூத்தாடப் போனவன் என்று இத்தனை காலம் என்னோடு பேசாதவள், இன்றைக்குத்தான் மனசு இறங்கி வருகிறாள். அவளுக்குக் கண் தெரியாது. எல்லாரும் எழுந்து நின்றால் அவளுக்கு என்ன புரியும்? மண்டபமே காலி, பிள்ளையை ஒருத்தரும் மதிக்கவில்லை என்றுதான் நினைப்பாள்."

யாஸ்னா மேடையைக் காட்டினாள்.

"வுகாஷின் ராஜாவாக நடித்த கடைசிக் காட்சி. ராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். விழுந்த பிறகு, அம்மாவிடம் என்ன சொல்ல நினைத்திருக்கிறீர்களோ அதை மெதுவாகச் சொல்லுங்கள்."

"ராஜா பேசாமல்தானே சாவார்?"

"நீங்கள் பேசுங்கள்."

பலகை அதிர விழுந்தார். அவர் உதடு அசையத் தொடங்கியதும் யாஸ்னா பக்கத்தில் மண்டியிட்டு, முகத்துக்கு நேரே கைதட்டினாள். விடாமல் தட்டினாள். அவர் வாய் மூடும்வரை தட்டினாள்.

ரதோஸ்லாவ் எழுந்து உட்கார்ந்தார். கண்ணோரம் ஈரம்.

"கேட்டதா, டீச்சர்?"

"எது?"

"நான் சொன்னது."

"இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காதுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்?"

"அந்த நாடகத்தில் ராஜாவுக்கு ஒரு சின்ன மகள் உண்டு. ஆறு வயதில் நான்தான் அவள். விழுந்தவரின் தலை என் மடியில். இப்படி ஒரு சாவை எவனும் நடித்ததில்லை என்று ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். தட்டத் தட்டத் திரையை இறக்காமல் வைத்திருந்தார்கள்."

ரதோஸ்லாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது..."

"நடிப்பில்லை."

அவர் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"அவர் பேசினார். பேசாமல் சாக வேண்டிய ராஜா, என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்."

"என்ன சொன்னார்?"

"அவர் வாய்க்கும் என் காதுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இன்றுவரை தெரியாது."

ரதோஸ்லாவ் காலி நாற்காலிகளைப் பார்த்தார். வரிசை வரிசையாக அவையெல்லாம் எழுந்து நின்று தட்டுவது போல இருந்தது.

யாஸ்னா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாவிடம் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லுங்கள். கேட்கிறேன். விழாவிலும் யாரும் தட்டமாட்டார்கள்; அம்மாவுக்கும் கேட்கும்."