பதினாலாயிரம் படமும் ஒரு தலைவரும்

மேலக்கோணாங்குளத்துக்காரர்கள் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர்கள். அந்த ஊருக்கு வந்த கஷ்டம் பாதிக்கு மேல் அதனால் வந்ததுதான்.

ஊராட்சித் தலைவர் திருவேங்கடத்துக்குப் படம் எடுத்துக்கொள்வதில் பிரியம் அதிகம். குழாயைத் திறந்தால் நாற்பது படம். மரக்கன்று நட்டால் அறுபது படம். பதினைந்து வருஷத்தில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பதினாலாயிரம் படம் சேர்ந்துவிட்டது.

தேர்தல் நெருங்கியது. அறுபத்து நாலு பக்கத்தில் சாதனை மலர் போடுவதென்று தலைவர் முடிவு செய்தார். டவுன் அச்சகத்துக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து படங்களை வாங்கிப் போவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து, இனி இடமில்லை என்று கம்ப்யூட்டர் திரையில் எழுத்து வந்து நின்றது.

தலைவர் பிச்சைக்கண்ணுவைக் கூப்பிட்டார். பிச்சைக்கண்ணு ஒன்பது வருஷமாகத் தலைவர் வீட்டு வாசலில் நிற்கிற ஆள். ஊருக்குக் கட்டப்போகும் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவருக்குத்தான் என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். "வேலை உத்தரவோட வந்தா வீட்டுக்குள்ள வா. இல்லாட்டி உன் தலைவர் வீட்டு வாசல்லயே படுத்துக்க" என்று அவர் பெண்டாட்டி போன வாரந்தான் சொல்லியிருந்தாள்.

"படம் ரெண்டு ரெண்டா கிடக்குய்யா" என்றார் தலைவர். "ஒரே மாதிரி இருக்கிறதுல ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிரு. எதை அழிச்சாலும் அதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுக்க. மலர் நல்லா வந்துச்சுன்னா உனக்கு வேலை உத்தரவு. சொதப்புனே, இந்தப் பக்கமே தலை காட்டாதே."

சொல்லிவிட்டு ஒரு காதுகுத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

பிச்சைக்கண்ணு துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவன் தலைவரின் டிராக்டர் ஓட்டும் சன்னாசி. இன்னொருத்தி அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கும் தெய்வானை.

மூவரும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார்கள். சன்னாசி ஒரு படத்தைக் காப்பி எடுப்பான். பிச்சைக்கண்ணு பழையதை அழிப்பார். அழித்த ஒவ்வொன்றுக்கும் தெய்வானை ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பாள். பதினொரு மணிக்கு அறுநூறு புளியங்கொட்டை சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டரில் பதினாலாயிரம் படம் இருந்தது.

"ஒண்ணுகூடக் குறையலையே மாமா" என்றான் சன்னாசி.

"அதுதான் நாம ஜாக்கிரதையா வேலை பார்க்கிறதுக்கு அடையாளம்" என்றார் பிச்சைக்கண்ணு.

ஆனால் இடமில்லை என்ற எழுத்து மட்டும் திரையை விட்டுப் போகவில்லை. தலைவருக்குப் போன் போட்டார்கள். காதுகுத்து வீட்டில் மேளச் சத்தம். "காப்பியும் வேணாம் கீப்பியும் வேணாம்! முதல்ல அழிச்சுத் தொலைங்கய்யா!" என்று கத்தினார் தலைவர்.

அதன்பிறகு வேலை சூடு பிடித்தது. ஒரே மாதிரி என்றால் எது என்பதில்தான் சிக்கல்.

"மாமா, இதுல தலைவருக்கு முடி நரைச்சிருக்கு. இதுல கறுகறுன்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆளுதான். கறுப்பு முடி படம் முதல்ல எடுத்தது. நரைச்சது பின்னாடி."

"தேதி மாத்திப் போட்டிருக்கே. நரைச்ச படந்தான் எட்டு வருஷம் முந்தினது."

மூவரும் தேதியை இன்னொரு தரம் படித்தார்கள். பதவியில் இருக்க இருக்கத் தலைவருக்கு வயசு குறைகிறது என்று கடைசியில் முடிவாயிற்று.

"அண்ணே, இன்னும் ரெண்டு தேர்தல் ஜெயிச்சாருன்னா தொட்டில்தான் கட்டணும்" என்று தெய்வானை கவலைப்பட்டாள்.

அடுத்தது குழாய். குழாய்த் திறப்பு விழாவில் மட்டும் நாலாயிரம் படம்.

"இந்தக் குடத்தைப் பிடிச்சிருக்கிறது நான்தான்" என்றாள் தெய்வானை. "பதினோரு விழாவுலயும் பிடிச்சேன். குழாயும் அதேதான், குடமும் அதேதான்."

"தண்ணி வந்துச்சா?" என்று கேட்டான் சன்னாசி.

"என்னைப் படத்துக்கு நிக்கத்தான் கூப்பிட்டாங்க. தண்ணி பிடிக்கக் கூப்பிடலை."

அப்படியானால் ஒன்று போதும். நாலாயிரத்தில் ஒன்றை வைத்து மற்றதை அழித்தார்கள்.

மரக்கன்று நடும் படங்களில் கன்று வருஷா வருஷம் மாறியிருந்தது. குழி மாறவில்லை. "கன்னை ஆடு தின்னுரும். குழியைத் திங்காது. அதனால குழிதான் கணக்கு" என்றான் சன்னாசி. அதிலும் ஒன்று மிஞ்சியது.

மூன்றாவது, மேல்நிலைத் தொட்டிக்கு அடிக்கல் நாட்டிய படங்கள். ஏழு தடவை நாட்டியிருந்தார். "கல்லு ஒண்ணுதான் மாமா. ஒவ்வொரு தடவையும் பிடுங்கிக் கழுவி வைக்கிறது நான்தானே" என்றான் சன்னாசி. பிச்சைக்கண்ணு அந்தக் கல்லைத் திரையிலேயே தடவிப் பார்த்தார். "என் தொட்டிக் கல்லுடா" என்றார். பிறகு மற்ற ஆறு விழாவையும் அழித்தார்.

இப்படியே கழித்துக் கழித்து மூன்று மணிக்கு ஒன்பது படம் மிஞ்சியது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெய்வானைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எல்லாத்துலயும் அதே தலைவர், அதே துண்டு, அதே சிரிப்பு. கையில இருக்கிறதுதான் வேற. கையை மறைச்சுட்டுப் பாருங்களேன்."

பிச்சைக்கண்ணு திரையில் தலைவரின் கை இருந்த இடத்தில் வெற்றிலையை ஒட்டிப் பார்த்தார். ஒன்பதும் ஒன்றாகிவிட்டது. இதைக் கவனிக்காமல் கொடுத்திருந்தால் வேலை போயிருக்குமே!

எதை வைப்பது என்பதில் மறுபடி பேச்சு. குழாய்ப் படத்தை வைத்தால் மரம் கோபிக்கும், மரத்தை வைத்தால் கல் கோபிக்கும் என்றான் சன்னாசி. ஆகவே அந்த ஒன்பதில் கையில் ஒன்றுமே இல்லாத படம் ஒன்றைத் தேடி எடுத்தார்கள். ஏதோ ஒரு விழாவில் தலைவர் டீக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். டீ இன்னும் வரவில்லை.

மற்ற எட்டையும் அழித்தார்கள். திரையின் மூலையில் குப்பைத்தொட்டிப் படம் நிரம்பிக் கிடந்தது. நிரம்பிய குப்பைத்தொட்டியைக் கண்டால் தெய்வானைக்குப் பொறுக்காது. அதையும் சுத்தமாகக் கொட்டிவிட்டாள்.

ஐந்தரைக்குத் தலைவர் வந்தார். திரையைப் பார்த்தார். பின்னால் இருக்குமோ என்று கம்ப்யூட்டரைச் சுற்றி வந்தும் பார்த்தார்.

"என் பதினஞ்சு வருஷச் சாதனை எங்கடா?"

"இதுதான் தலைவரே. மிச்சமெல்லாம் இதேதான். நாங்க மூணு பேரும் காலையிலிருந்து ஒண்ணு விடாமப் பார்த்துட்டோம்" என்றார் பிச்சைக்கண்ணு.

தலைவர் செருப்பைக் கழற்றினார். அந்த நேரத்தில் வாசலில் அச்சகத்துக்காரர் வண்டி வந்து நின்றது. கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

பிச்சைக்கண்ணுவுக்குப் பெண்டாட்டியின் முகம் கண்ணில் வந்து நின்றது. பயத்தில் வாய் தானாகப் பேசியது. "தலைவரே, அழிச்ச படமெல்லாம் இதே மாதிரிதானே? அப்ப இதையே எல்லாப் பக்கத்துலயும் போட்டா அதெல்லாம் திரும்பி வந்த மாதிரிதானே?"

அதற்குள் அச்சகத்துக்காரர் உள்ளே வந்துவிட்டார். தலைவர் அந்த ஒரு படத்தையே அவரிடம் கொடுத்தார்.

மலர் வெளிவந்தது. அறுபத்து நாலு பக்கத்திலும் தலைவர் கை நீட்டிக்கொண்டு நின்றார். கீழே "குழாயைத் திறந்து வைக்கிறார்" என்று ஒரு பக்கம், "மரக்கன்று நடுகிறார்" என்று ஒரு பக்கம், "பாலத்தைப் பார்வையிடுகிறார்" என்று ஒரு பக்கம். ஊரார் எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன தேர்தல் மலரைவிட இதில் படங்கள் துலக்கம் என்றார்கள். நாற்பதாம் பக்கத்தில் மட்டும் படம் தலைகீழாக அச்சாகியிருந்தது. அதில் தலைவரின் உழைப்பு நன்றாகத் தெரிவதாகப் பேசிக்கொண்டார்கள்.

தலைவர் ஜெயித்தார். வாக்குத் தவறாமல் பிச்சைக்கண்ணுவுக்கு வேலை உத்தரவும் கொடுத்தார். தொட்டி நிரம்பி வழிந்து தண்ணீர் வீணாகாமல் பார்த்துக்கொள்வது பணியாளரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. பெண்டாட்டி கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து பிச்சைக்கண்ணு அந்த அடிக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றுவரை ஒரு சொட்டு வழிந்ததில்லை. அவர் லீவு போடும் நாளில் சன்னாசி வந்து உட்காருகிறான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அதனால் டிராக்டர் டியூப் ஒன்றில் காற்றடைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் வருகிறான்.